கிண்ணமும் கோலும்

இளங்கலை மாணவிகளுக்கு நற்றிணையின் 110ஆம் பாடலை நடத்தும் நாளில் வகுப்பு எப்போதும் கலகலப்பாகிவிடும். போதனார் பாடியது. பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பால், செவிலியர் கையில் மிரட்டுவதற்கென்று ஒரு சிறு கோல், குடிக்க மாட்டேன் என்று பந்தலுக்குள் ஓடும் சிறுமி, அவள் பின்னால் ஓடிக் களைத்துப்போகும் நரைத்த கூந்தல் கிழவிகள். பொருள் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருத்தி, "எங்க வீட்ல எங்கம்மா கையில தோசைக்கரண்டி மேம்" என்பாள். வகுப்பே சிரிக்கும். அவ்வளவு பழைய பாட்டு தங்கள் வீட்டு அடுக்களையில் நடப்பதைக் கண்டுகொண்ட சிரிப்பு அது. ஓர் ஆசிரியைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

2017இல் அந்தப் பாடலை நான் நடத்தவில்லை. உடன் பணியாற்றும் தோழியிடம் அந்த ஒரு மணி நேரத்தை மாற்றிக்கொண்டேன். அப்போது என் மகளுக்கு நான்கு வயது. அவள் உண்டவை மொத்தம் ஐந்து. நீல டம்ளரில் பால். தோசையின் முறுகிய ஓரம், நடுப்பகுதி ஆகாது. அப்பளம். வெண்ணெய் முறுக்கு. ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு வகை பிஸ்கட். சோறு, பருப்பு, காய், பழம், முட்டை எதுவும் கிடையாது. குக்கரைத் திறந்தால் சோற்றின் ஆவிக்கே குமட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவாள். அந்த ஆண்டு பிஸ்கட் கம்பெனி உறையின் நிறத்தை மாற்றியது. ஐந்து நான்காகியது.

"பசிச்சா தானா சாப்பிடும், விடு" என்றார்கள். இரண்டு நாள் விட்டோம். அவள் சாப்பிடவில்லை, சுருண்டு படுத்தாள். "நீ காலேஜ் காலேஜ்னு ஓடுற, புள்ளைக்கு ஏக்கம்" என்றார் மாமியார். என் அம்மா எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது. நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் எடையைக் குறித்துவிட்டு, குழந்தையை அல்ல, என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா ரொம்பச் செல்லம் போல" என்றார். என் கணவரும் அருகில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவளை என் தொடைகளுக்கிடையில் இறுக்கிப் பிடித்து, மூக்கைப் பொத்தி, மூச்சுக்காக வாய் திறந்த நொடியில் ஒரு கவளம் தயிர்ச்சோற்றை உள்ளே தள்ளினேன். அவள் வாந்தி எடுத்தாள். அதன்பின் மூன்று வாரம் என் கையில் கரண்டியைக் கண்டாலே இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நீல டம்ளரையும் என் கையிலிருந்து வாங்க மாட்டாள். அவள் அப்பா கொடுக்க வேண்டும். நவீன கவிதையில் பெண்ணுடலின் தன்னுரிமை பற்றி இருபது ஆண்டுகளாகப் பேசியும் எழுதியும் வருபவள் நான்.

இந்தக் கட்டுரை அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் தொடங்குகிறது. உண்ண மறுக்கும் குழந்தையைப் பற்றி உலகம் என்ன எண்ணிவந்திருக்கிறது, அதில் தாய்க்கு என்ன இடம் கொடுத்திருக்கிறது என்று தேடிப் படித்தேன். முனைவர் பட்டத்திற்குக்கூட அவ்வளவு படித்திருப்பேனா என்பது சந்தேகம்.

முதலில் நற்றிணைக்கே திரும்பினேன். அந்தப் பாடல், காதலனோடு சென்றுவிட்ட மகளை நினைத்துத் தாய் வியப்பது. அன்று தேன்பாலை மறுத்து ஓடியவள், இன்று கணவன் வீடு வறுமையுற்ற நிலையில், தந்தை வீட்டு வளமான சோற்றை நினைக்காமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாளாம். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று தாய் மலைக்கிறாள். உரைகள் இதைக் கற்பின் பெருமையாக எடுத்துச் சொல்லும். நான் அந்த ஆண்டு கவனித்தது வேறு. பாலைக் கிண்ணத்தில் ஏந்தியவர்கள், தேன் கலந்தவர்கள், கோலை ஓங்கியவர்கள், ஓடிக் களைத்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஆனால் சோற்றுக்குப் பாடல் தரும் பெயர் தந்தையின் சோறு. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாடலில் கோல் தோற்றுப்போகிறது. செவிலியர் முயற்சியைக் கைவிடுகிறார்கள். சிறுமி குடித்ததாகப் போதனார் சொல்லவில்லை.

ஊட்டுவது என்பது மேற்குலகில் மருத்துவர்களின் பொருளானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அமெரிக்காவில் எம்மெட் ஹோல்ட் என்ற குழந்தை மருத்துவர் 1894இல் தாய்மாருக்கும் தாதியருக்குமாகக் குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டார். 1907இல் நியூசிலாந்தில் ட்ரூபி கிங் தொடங்கிய இயக்கம் நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துப் பாலூட்டச் சொன்னது. 1928இல் நடத்தையியலாளர் ஜான் வாட்சன், தாயின் கொஞ்சலே குழந்தைக்குக் கேடு என்று புத்தகம் எழுதினார். பாட்டிகளின் கைப்பக்குவம் அறியாமை ஆயிற்று. ஆண் நிபுணர் அட்டவணை எழுத, பெண் அதை நிறைவேற்ற, குழந்தை உண்ணாவிட்டால் நிறைவேற்றியவள் குற்றவாளி. இந்த ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் எல்லோருடைய வீட்டிலும் அதன் ஒரு பிரதி உண்டு.

இந்தச் சூழலில்தான் கிளாரா டேவிஸ் வருகிறார். அவரைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன், தோழிகளுக்குத் தெரியும்.

டேவிஸ் ஒரு குழந்தை மருத்துவர். 1926இல் கிளீவ்லாந்து நகரில் ஒரு கேள்வியோடு சோதனையைத் தொடங்கினார். தாய்ப்பாலோ புட்டிப்பாலோ தவிர வேறெதையும் சுவைத்தறியாத குழந்தையின்முன் பலவகை உணவுகளை வைத்து, எதை உண்பது, எவ்வளவு உண்பது என்பதை முழுக்க அதனிடமே விட்டுவிட்டால் என்ன நடக்கும்? பிறகு சோதனை சிகாகோவுக்கு மாறியது. மொத்தம் 15 குழந்தைகள், 6 மாதத்திலிருந்து 11 மாதம் வரையான வயதில் சேர்ந்தவர்கள். சிலர் ஆறு மாதமும் சிலர் நான்கரை ஆண்டு வரையும் அங்கே இருந்தார்கள். உணவுப் பட்டியலில் 34 வகை. ஆப்பிள், வாழைப்பழம், கேரட், பீட்ரூட், கீரை, உருளைக்கிழங்கு, ஓட்ஸ், கோதுமை, பார்லி, முட்டை, மீன், கோழி, ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை, இனிப்புப் பால், புளித்த பால் என்று எளிய பொருள்கள். சர்க்கரை இல்லை. உப்புகூடத் தனிக் கிண்ணத்தில்தான். ஒன்றோடொன்று கலந்து சமைத்தது எதுவும் இல்லை.

என்னைக் கட்டிப்போட்டது தாதியருக்கு அவர் தந்த கட்டளை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினால் அல்லது சுட்டிக்காட்டினால் மட்டும் ஒரு கரண்டி எடுக்கலாம். வாய் திறந்தால் மட்டும் கொடுக்கலாம். எதை எடுத்தாலும் எதை ஒதுக்கினாலும் பாராட்டோ கண்டிப்போ கூடாது. கையால் அள்ளினாலும் திருத்தக் கூடாது. குழந்தை நிறுத்தியதும் தட்டை எடுத்துவிட வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டு வேளையில் நாம் பேசும் வாக்கியங்கள் அத்தனையும், இன்னும் ஒரே ஒரு வாய், அம்மாவுக்காக, காக்காவுக்குக் கொடுத்துடுவேன், இந்தக் கட்டளையில் தடை செய்யப்படுகின்றன!

சுமார் 36,000 வேளை உணவு எடை போட்டுக் குறிக்கப்பட்டது. எந்த இரு குழந்தைகளின் தேர்வும் ஒன்றுபோல் இல்லை. ஆரஞ்சுச் சாறும் ஈரலும் ஒரு குழந்தையின் காலை உணவு. முட்டைகளும் வாழைப்பழமும் பாலும் இன்னொன்றின் இரவு உணவு. எந்த ஊட்டச்சத்து நிபுணரும் அப்படி எழுதித் தரமாட்டார். ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாகத் தேறின. எலும்பு மெலிவு நோயோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் மீன் எண்ணெயையும் ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள். நோய் குணமாகும்வரை அது விட்டுவிட்டுக் குடித்து, குணமானபின் தொடவில்லை. இதையெல்லாம் வைத்து, உடலுக்கே எல்லாம் தெரியும் என்று டேவிஸின் பெயரால் சொல்லத் தொடங்கினார்கள். டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. 1939இல் எழுதிய கட்டுரையில் இதில் ஒரு சூட்சுமம் இருப்பதாக அவரே ஒப்புக்கொள்கிறார்: பட்டியலைப் பெரியவர்கள் தயாரித்தார்கள், அதில் கெடுதலான பொருளே இல்லை. பதப்படுத்திய உணவுகளையும் சேர்த்து இன்னொரு சோதனை செய்ய அவருக்கு ஆசை. பொருளாதாரப் பெருமந்தம் அதைக் கெடுத்தது.

சோதனைக்கு வந்த குழந்தைகள் யாருடையவை? பதின்வயதுத் தாய்மார்களும், பிள்ளைகளைக் காப்பாற்ற வழியற்ற கைம்பெண்களும் விட்டுச்சென்றவை. குழந்தையின் தெரிவுரிமையைப் பற்றிய உலகின் முதல் பெரும் ஆய்வு, தெரிவே இல்லாத பெண்களின் பிள்ளைகளைக் கொண்டு நடந்தது. டேவிஸை எவ்வளவு கொண்டாடினாலும் இது தொண்டையில் நிற்கிறது.

வாயைத் திறக்க வைப்பது பற்றிப் படிக்கும் பெண்ணியவாதி யாராலும் பிரிட்டனின் சிறைகளைத் தாண்டிப் போக முடியாது. 1909 ஜூலையில், வாக்குரிமைப் போராளி மேரியன் வாலஸ் டன்லப் சிறையில் உணவை மறுத்தார். 91 மணி நேரத்தில் விடுவித்தார்கள். பலரும் அவ்வழியில் இறங்கியதும், செப்டம்பரில் பர்மிங்காம் சிறையில் வலுக்கட்டாயமாக உணவு புகட்டத் தொடங்கினார்கள். காவல் பெண்கள் கைகால்களைப் பிடித்துக்கொள்ள, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குழாய். பிரபு குடும்பத்துப் பெண்ணான கான்ஸ்டன்ஸ் லிட்டனை இதயநோய் என்று காரணம் சொல்லி விடுவித்தவர்கள், அவரே 1910இல் ஜேன் வார்ட்டன் என்ற ஏழைத் தையல்காரியாக வேடமிட்டு லிவர்பூல் சிறைக்குச் சென்றபோது இதயத்தை ஒழுங்காகச் சோதிக்காமலேயே குழாயைச் செருகினார்கள். இம்பாலில் ஐரோம் சர்மிளாவின் மூக்கில் பதினாறு ஆண்டு இருந்த குழாயை நாமே பார்த்திருக்கிறோம். கைதியும் நான்கு வயதுக் குழந்தையும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். குழந்தை கோரிக்கை வைத்து உண்ணாநோன்பு இருக்கவில்லை. அது உண்ணாவிட்டால் அதன் எலும்பும் இரத்தமும் கேட்கும், பெற்றவள் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் லிட்டனின் நூலைப் படித்துக்கொண்டிருந்த இரவில் என் தொடைகளின் இறுக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒப்பிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் ஞாபகம் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாயின்மேல் இருந்த பழி அறிவியல் உடை உடுத்திக்கொண்டது. 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்துக்குப் பெயர் தந்தது. அவர்களில் பலர் பிறந்ததிலிருந்தே உணவில் கடும் சிக்கல் உள்ளவர்கள் என்று அவர் குறித்துவைத்தார். அருமையான கவனிப்பு. ஆனால் அதே கேனர், 1949இல், இக்குழந்தைகள் பனி உருகாத குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்கள் என்ற பொருளில் பெற்றோரின் குளிர்ச்சியைப் பற்றி எழுதினார். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற சொல் அங்கிருந்து கிளைத்தது. 1967இல் புரூனோ பெத்தல்ஹைம் தன் நூலில் அதை ஊதிப் பெருக்கினார். விசித்திரம் என்னவென்றால், 1941இல் தாய்மார்களுக்கு ஆதரவாக ஒரு முழு நூலே எழுதியவர் கேனர். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் உங்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கிறேன் என்று சொன்னவரும் அவரே. இடைப்பட்ட இருபது ஆண்டில் எத்தனை பெண்கள் தங்கள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்திருப்பார்கள், இதில் என்ன குளிர் இருக்கிறதென்று?

எடை கூடாத குழந்தைகள் விஷயத்திலும் இதே கதை. உடலில் நோய் தெரிந்தால் ஒரு பெட்டி. தெரியாவிட்டால் தாயின் அன்புக் குறை என்ற இன்னொரு பெட்டி. அந்த இரண்டாம் பெட்டிக்குள் கிடந்தவை பல என்பது பிறகு தெரிந்தது: இரைப்பை அமிலம் மேலெழுவது, மலச்சிக்கல், இரும்புச்சத்துக் குறைவு, மெல்லத் தெரியாத தாடை, தொடுகையைத் தாங்காத நாக்கு, குறைப்பிரசவத்தில் பிறந்து குழாயில் உணவு பெற்றதால் வாய் என்றாலே வலி என்று கற்றுக்கொண்ட உடல். 2007இல் லூசி குக், கிளேர் ஹாவொர்த், ஜேன் வார்டில் என்ற மூன்று பெண்கள், 8 முதல் 11 வயதுவரையுள்ள 5,390 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, புது உணவைக் கண்டு அஞ்சுவதில் குழந்தைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 78 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கண்டார்கள். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். எங்கே ஒட்டினேன் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

2013இல்தான் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல், உடல் எடை பற்றிய கவலை எதுவுமின்றி உணவைத் தவிர்க்கும், சுருக்கிக்கொள்ளும் நிலையைத் தனிக் கோளாறாக, எல்லா வயதினருக்கும் பொதுவாக ஏற்றது. 2019இல் வந்த இன்னொரு வரையறை மருத்துவம், ஊட்டம், உண்ணும் திறன், உளச்சூழல் என்ற நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. உண்ணுவது ஒரு திறன் என்று சொல்லப்பட்டதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். திறன் என்றால் கற்க வேண்டும். கற்காதவரை யாரும் அடிப்பதில்லை. சரி, அடிக்கக் கூடாது.

அந்தத் திறனைக் கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதுவும் மருத்துவ அதிகாரப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டிருந்த பெண்கள். பெர்லினிலிருந்து லண்டனுக்குத் தப்பிவந்த பெர்தா போபாத், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளை எப்படித் தாங்கி உட்கார வைப்பது என்று கைகளால் கற்றவர். அவ்வழியில் வந்த நான்சி ஃபின்னி 1968இல் பெற்றோருக்காக எழுதிய நூலில், உணவூட்டல் பற்றிய பகுதியை எழுதியவர் ஹெலன் முல்லர். தாடையை விரல்களால் எப்படித் தாங்குவது என்பதுவரை அதில் இருக்கிறது. கலிபோர்னியாவில் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏரெஸ், சில குழந்தைகளுக்குச் சாதாரணத் தொடுகையே தாக்குதலாக உணரப்படுகிறது என்று 1960களிலேயே எழுதினார். 1987இல் சூசன் இவான்ஸ் மோரிஸ், மார்ஷா டன் கிளைன் இருவரும் உண்பதற்கு முந்தைய திறன்கள் பற்றி ஒரு பெருநூலே எழுதினார்கள். உளவியலாளர் லியான் பர்ச்சின் ஆய்வுகள் என் வீட்டுக்குள் நேராக நுழைந்தவை. பரிசு கொடுத்துக் குடிக்கவைத்த பானத்தின்மீது குழந்தைகளின் விருப்பம் குறைந்தது என்று 1984இல் காட்டினார். 2006இல் அவரும் மாணவியரும், சூப்பைக் குடி குடி என்று வற்புறுத்தப்பட்ட குழந்தைகள் குறைவாகக் குடித்ததையும் அதைப் பற்றிக் கசப்பாகப் பேசியதையும் பதிவு செய்தார்கள். நிலா காட்டுவதும் செல்போன் காட்டுவதும் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. எல்லோருக்கும் உயிர்வாழ வழி வேண்டும்.

இந்தியாவுக்குத் தொழில்வழிச் சிகிச்சைப் படிப்பு வந்ததும் ஒரு பெண்ணால்தான். இந்தியரை மணந்து இங்கே வாழ்ந்த கமலா நிம்ப்கர் என்ற அமெரிக்கப் பெண், 1950இல் பம்பாயில் அதன் முதல் பள்ளியைத் தொடங்கினார். சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். மாற்றுத்திறனாளி மகனின் தாய் அவர். அரசு செய்யாததைத் தாய்மார்கள் செய்தார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். செய்ய வேண்டியிருந்ததே என்று கோபமும் படலாம். நான் இரண்டையும் படுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த சிகிச்சையாளர் என் மாணவிகளைவிடச் சற்றே மூத்த பெண். முதல் நாள் உணவைப் பற்றியே அவர் பேசவில்லை. மலம் எப்படிப் போகிறாள் என்று கேட்டார். இரும்புச்சத்துச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று போட்டோ கேட்டார். "கால் தொங்குது பாருங்க மேம். உடம்பு விழுந்துடுவோமோன்னு பயந்துகிட்டே இருக்கும்போது வாய் எப்படி வேலை செய்யும்?" அன்றிரவு அவள் பாதங்களுக்குக் கீழே தமிழ் லெக்சிகனின் இரண்டு தொகுதிகளை அடுக்கினேன். அந்த நூலுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மிகச்சிறந்த பயன் அது.

பிஸ்கட்டை அவள் மெல்வதைக் கையில் கண்ணாடியோடு கவனித்துவிட்டு அந்தப் பெண் சொன்னது எனக்கு வகுப்பறைப் பாடம்போல் இருந்தது. மகளின் நாக்கு மேலும் கீழும்தான் அசைகிறது. உணவைக் கடைவாய்ப் பற்களுக்குத் தள்ளப் பக்கவாட்டில் அசையக் கற்கவில்லை. எச்சிலில் தானே கரைந்துவிடும் பிஸ்கட்டும் அப்பளமும் அவளுக்குச் சமாளிக்க முடிந்தவை. சோறு அப்படியில்லை. நூறு பருக்கைகளாக வாய்க்குள் சிதறும். அவற்றைத் திரட்டிப் பின்னால் கொண்டுபோக அந்த நாக்குக்குத் தெரியாது. சில பருக்கைகள் தொண்டைக்கு முன்னமே போய்க் குமட்டும். அடம் என்று நாங்கள் பெயரிட்டது அவளுக்குத் தற்காப்பு. அவள் பட்டியலில் மொறுமொறுப்பான பொருள்களே இருந்ததற்கும், உறை மாறிய பிஸ்கட்டை ஒதுக்கியதற்கும் ஒரே காரணம்தான். தெரிந்தது மட்டுமே ஆபத்தில்லாதது.

ஒரு மாதம் அவளை எதையும் உண்ணச் சொல்லவில்லை. கே டூமி என்ற அமெரிக்க உளவியலாளர், உணவிருக்கும் அறையில் இருப்பதிலிருந்து மென்று விழுங்குவதுவரை 32 படிகள் வகுத்திருக்கிறார். நாங்கள் முதல் சில படிகளிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். ரசத்தைத் தட்டில் ஊற்றி விரலால் கோலம் போட்டாள். சோற்றில் பொம்மைக் காரை ஓட்டினாள். பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188ஆம் பாடலில் நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டுகிறாரே, அந்தக் குழந்தை தானே கண்டுபிடித்ததை நாங்கள் கட்டணம் செலுத்திக் கற்றுக்கொண்டோம். வாயில் வைத்ததைத் துப்புவதற்கென்றே ஒரு கிண்ணம் தட்டின் பக்கத்தில் இருக்கும். என் மாமியாருக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. "சோத்தைத் துப்பப் பழக்குறீங்களா? அன்னலட்சுமிம்மா!" அவர் பஞ்சகாலத்தில் கேழ்வரகுக் கூழுக்குக் காத்திருந்த பெண். 1956இல் காமராஜர் தொடங்கிய பள்ளி மதிய உணவு அவருடைய தம்பிகளுக்குக் கிடைத்தது; அவர் பள்ளிக்கே அனுப்பப்படவில்லை. அவரிடம் நாக்கின் பக்கவாட்டு அசைவைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் முதன்முதலில் சங்கிலியின் ஒரு கண்ணியைச் சேர்த்தது அவர்தான். முறுகிய தோசை ஓரத்தைப்போலவே மெலிதாக, அதே நிறத்தில், அடையின் ஓரத்தைச் சுட்டுத் தந்தார். அவள் அதை மூன்று நாள் முகர்ந்தாள், நான்காம் நாள் கடித்தாள். பிடித்த உணவிலிருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போவதற்குச் சிகிச்சையாளர்கள் வைத்த பெயர் உணவுச் சங்கிலி. மாமியார் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.

இடையில் இன்னொரு இடத்துக்கும் போனோம். சீக்கிரம் முடியும் என்றார்கள். அங்கே கரண்டியைக் குழந்தையின் உதட்டருகே வைத்து, வாய் திறக்கும்வரை எடுக்கவே மாட்டார்கள். அமெரிக்காவின் நடத்தைவழிச் சிகிச்சை ஆய்வுகளில் 1990களிலிருந்து இம்முறை இருக்கிறது. உண்ணும் வாய்களின் எண்ணிக்கை கூடுகிறது என்று அவை காட்டுகின்றன. குழாயை நம்பி உயிர்வாழும் குழந்தைக்கு வேறு வழியில்லாதபோது மருத்துவக் குழு அதைக் கையாள்வதை நான் வெளியிலிருந்து தீர்ப்பிட மாட்டேன். என் மகள் இரு கைகளாலும் வாயைப் பொத்தினாள். அந்தக் கைகளை ஒருவர் விலக்கினார். நான் எழுந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாதக் கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை.

நல்ல சிகிச்சையின்மீதும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வீட்டுப்பயிற்சித் தாள் ஒவ்வொன்றின் மேலும் 'அம்மா செய்ய வேண்டியவை' என்று இருந்தது. ஒருநாள் அதை அடித்து 'வீட்டார்' என்று எழுதிக் கொடுத்தேன்; அந்தப் பெண் சிரித்து, அடுத்த வாரம் கம்ப்யூட்டரிலேயே மாற்றிவிட்டார். என் கணவர் அடை சுடக் கற்றார், துப்பும் கிண்ணத்தைக் கழுவினார். ஆனால் வாரம் ஒருநாள் பேருந்தில் போக விடுப்பு எடுப்பது யார் என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழவே இல்லை. இரண்டாண்டில் என் விடுப்புக் கணக்கு தீர்ந்தது. விடுப்பே இல்லாத கூலிக்காரப் பெண்ணின் குழந்தைக்கு இதே நாக்கு இருந்தால்? அங்கன்வாடியில் அது 'சோணிப்பிள்ளை', அவ்வளவுதான் நோயறிதல்.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கடைசியாக எண்ணியபோது நாற்பத்தொன்று. சோறு உண்டு, குழையாமல் உதிரியாக இருந்தால். தயிர் இன்றுவரை இல்லை. அதற்குக் காரணம் நானாக இருக்கலாம். அவளிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஞாபகம் இல்லம்மா" என்றாள். தயிர்க் கிண்ணத்தை மட்டும் மேசையின் மறுகோடிக்கு நகர்த்தி வைத்தாள்.

இந்த ஆண்டு 110ஆம் பாடலை நானே நடத்தினேன். வழக்கம்போலச் சிரிப்பு. வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி மட்டும் மேசையருகே நின்றாள். தம்பிக்கு ஒன்பது வயதாம். சோறு தின்ன மாட்டானாம். அப்பா பெல்ட்டை எடுப்பாராம், அம்மா அழுவாளாம். என்னவெல்லாம் சாப்பிடுவான் என்று கேட்டு, வருகைப்பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம். ஏழு வந்தது. அவள் யோசித்துக்கொண்டே நின்றாள்.

"அப்பளப்பூ கணக்குல வருமா மேம்?"

வரும் என்று சொல்லி, எட்டு என்று எழுதினேன்.